சின்ன அம்மாச்சியின் கிணறு

ஜூலை 30, 2025, புதன் – திருப்பரங்குன்றம்

காலை ஆறு மணிக்குக் கோவையில் ஏறிய பேருந்து, ஒட்டன்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்து நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். ஆடிக்காற்று மண்ணை வாரி வாரி அடித்தது. என் வலது கண்ணில் தூசி விழுந்து தண்ணீராகக் கொட்டியது. பக்கத்து இருக்கையில் வந்த யாரோ ஓர் அம்மா, நான் கேட்காமலேயே முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி என் கண்ணில் ஒற்றினார். திண்டுக்கல்லில் இறங்கும்போது, "கண்ணக் கசக்காத தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஆடி பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்புவார். "கன்னிக்குச் சேலை எடுக்க" என்பார். கன்னி என்பது அம்மாச்சியின் தங்கை. பதினாறு வயதில் கிணற்றில் விழுந்து இறந்தவர். கல்யாணமாகாமல் போய்ச் சேர்ந்த பெண்ணை வீட்டுச்சாமியாக வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை புதுச்சேலை படைத்துப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சின்ன அம்மாச்சியின் பெயர் அம்மாவுக்கே தெரியாது. அம்மாச்சி கடைசிவரை அதைச் சொல்லவில்லை. அந்தக் கிணற்றில் சாபம் இருக்கிறது, அது காவு வாங்கும் கிணறு, அந்தப் பக்கம் போகக் கூடாது. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். கிணற்றை எட்டிப் பார்க்காதே, உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போகாதே, கிணற்றுக்குள் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடாதே என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன்.

போன மாசியில் அம்மா தவறிவிட்டார். இந்த வருஷம் சேலையை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அந்தக் கிணற்றை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். ஆடி மூன்றாம் வெள்ளி நாளை மறுநாள். நடுவில் கிடைத்த நேரத்தில், சாபமும் தண்ணீரும் சேர்ந்து வரும் கதைகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றனவோ அங்கெல்லாம் போய்விட்டு ஊருக்குப் போகலாம் என்று தோன்றியது.

மதுரையில் பையை வைத்துவிட்டு, பெரியார் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் போனேன். குடமுழுக்கு முடிந்து பதினாறு நாள்தான் ஆகிறது. கோபுரத்தில் புது வர்ணம் பளிச்சென்று இருந்தது. இந்தக் கோயிலில் அபிஷேகம் வேலுக்குத்தான், மலையைக் குடைந்து செய்த முருகனுக்கு இல்லை. அந்த அபிஷேகத் தண்ணீர் வருவது சன்னியாசிக் கிணற்றிலிருந்து. கிணறு என்றாலே பயந்து வளர்ந்த எனக்கு, கிணற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ள நிற்கும் கூட்டத்தைப் பார்க்க நெஞ்சு இளகிவிட்டது.

நக்கீரர் கதையும் இந்த மலையில்தான் நடக்கிறது. பொய்கைக் கரையில் அவர் சிவபூசையில் இருக்கும்போது மரத்திலிருந்து ஓர் இலை உதிர்கிறது. பாதி தண்ணீரில், பாதி கரையில். தண்ணீரில் விழுந்த பாதி மீனாகிறது, தரையில் விழுந்த பாதி பறவையாகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அதைப் பார்த்ததில் பூசை தவறிவிட, காத்திருந்த பூதம் அவரைத் தூக்கிக் குகையில் அடைக்கிறது. ஏற்கெனவே அங்கே 999 பேர், இவரோடு ஆயிரம். அப்போது பாடியதுதான் திருமுருகாற்றுப்படை என்பார்கள். சின்ன வயதில் பூதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கு அந்த இலைதான் மனதில் நிற்கிறது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுகிற ஓர் உயிர்.

ராத்திரி சிம்மக்கல் பக்கம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தேன், இருபது ரூபாய். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கியதும் கண் எரிச்சல்கூடக் குறைந்தது போலிருந்தது.

ஜூலை 31, வியாழன் – அழகர்கோவில், கீழடி

நூபுர கங்கைக்குக் காலையிலேயே போய்விட்டேன். மலைப்பாதையில் குரங்குகள். வாழைப்பழப் பையை ஒரு தாய்க்குரங்கு உருவிக்கொண்டு போனது. பையில் என் சீப்பும் இருந்தது, அதுவும் போயிற்று. பின்னால் வந்த ஒரு பாட்டி தன் சீப்பைக் கொடுத்து, "குளிச்சுட்டுத் தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்காத, இது ராக்காயி இடம்" என்றார். நூபுர கங்கைக்குக் காவல் ராக்காயி அம்மன்.

தண்ணீர் விழும் இடத்தில் வரிசை. சுள்ளென்று குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் இரும்பு வாடை. அழகருக்கு இந்தத் தண்ணீரில்தான் திருமஞ்சனம், வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. கேனில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். மண்டூக முனிவருக்குச் சாபம் விழுந்ததும் இந்தத் தண்ணீரில்தான். சுதபஸ் என்ற முனிவர் இங்கே தன்னை மறந்து நீராடிக்கொண்டிருந்தாராம். துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. "நீ தவளையாகப் போ" என்று சாபம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கி, வண்டியூர் தாண்டித் தேனூர் மண்டபத்துக்குப் போவது அந்தத் தவளைக்கு மோட்சம் கொடுக்கத்தான். லட்சக்கணக்கான பேர் கூடும் அவ்வளவு பெரிய திருவிழாவுக்கு உள்ளே இப்படி ஒரு சின்ன அநியாயம் இருக்கிறது. தண்ணீரில் இருந்தவர் ஒன்றும் செய்யவில்லை. கரையில் நின்றவருக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். இதை நினைத்துக்கொண்டே வெகுநேரம் ஈரத்துணியோடு நின்றேன்.

சிலப்பதிகாரம் காடுகாண் காதையிலும் இந்த மலைத் தண்ணீர் வருகிறது. மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்லும்போது, திருமாலிருஞ்சோலையில் ஒரு பிலம், அதாவது குகை, அதற்குள் மூன்று பொய்கைகள் என்கிறான். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் தெரியும், பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்பு தெரியும், இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்தது கிடைக்கும். கவுந்தியடிகள் அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். எனக்கு முற்பிறப்பு வேண்டாம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

கீழே பதினெட்டாம்படிக் கருப்பர். சாத்திய கதவுக்குச் சந்தனம் பூசியிருந்தார்கள். சாமி அந்தக் கதவுதான். வாய்க்கால் தகராறு, கடன் தகராறு எல்லாவற்றுக்கும் இங்கே வந்து சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. இங்கே பொய் சொன்னால் தங்காது என்ற பயம் இன்றைக்கும் சுற்றுப்பட்டி ஊர்களில் இருக்கிறது. சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவரைச் சாமி கேட்கட்டும் என்று காசு வெட்டிப் போடுவார்கள். கோர்ட்டுக்குப் போக வசதியில்லாதவர்களுக்குச் சாபம்தான் ஒரே மனு என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மிளகும் சீரகமும் நெய்யும் போட்ட அழகர்கோவில் தோசை கனமாக, மொறுமொறுவென்று இருந்தது. ஒன்றையே இருவர் சாப்பிடலாம். சீப்புக் கொடுத்த பாட்டியோடு பாதியைப் பங்கு போட்டேன்.

மத்தியானம் கீழடி. அருங்காட்சியகம் 2023-ல் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது உறைகிணறுதான். சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மண் சரியாமல் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் வளையங்கள் அடுக்குக் குலையாமல் நிற்கின்றன. அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு கதையும் இல்லை. யார் இறைத்தார்கள், யார் விழுந்தார்கள், யாரைக் கிட்டே விடவில்லை, ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி – உசிலம்பட்டிப் பக்கம்

ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினேன். பக்கத்தில் ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர். நானும் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்றதும் நன்றாகப் பேசினார். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். செக்கானூரணி தாண்டும்வரை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சொன்னார்: "எங்க ஊர்லயும் ஒரு சாபக்கிணறு இருந்துச்சு. எங்க தெரு ஆளுக தொட்டா ஊத்து அடைஞ்சு போகும்னு சாபமாம். எங்கம்மா குடத்தோட கிணத்து மேட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டே இருப்பாங்க. யாராச்சும் வந்து எறைச்சு ஊத்துனாத்தான். அரை நாள் நின்ன நாளும் உண்டு. அந்தச் சாபத்த யாரு போட்டாங்கன்னு நான் கேட்டேன். பதில் சொல்ல ஆள் இல்ல."

அவர் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்து, "நீங்க அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வாங்க, கிணத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க" என்றார். இந்தப் பயணத்தில் யாரும் எனக்குச் சொன்ன சொல்லில் இதுதான் பெரியது.

உசிலம்பட்டியில் சேலை எடுத்தேன். மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சுங்குடி, அறுநூற்றைம்பது ரூபாய். கடையை விட்டு இறங்கியதும் செருப்பு வார் அறுந்தது. பேருந்து நிலையத்து ஓரத்தில் செருப்புத் தைப்பவர், "எங்க, விசேசத்துக்கா?" என்று கேட்டார். கன்னிக்குச் சேலை என்றேன். தைத்து முடித்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். "சாமிக்குச் சேலை கொண்டு போற காலுக்குக் காசு வேணாம்" என்றார். அவர் பக்கத்தில் இருந்த சின்னப் பையனுக்குக் கால் கிலோ சீரணி மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊர் பெயரை எழுதப்போவதில்லை. டீக்கடையில் விலாசம் கேட்டதும், இன்னார் வீட்டுப் பேத்தி என்று தெரிந்துகொண்டு டீக்கடைக்காரர் கிணற்றுக் கதையைத் தானாகவே ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு யாரையோ நெனச்சிருந்துச்சாம். வீட்டுல ஒத்துக்கல. ஒரு ராத்திரி மண்ணை அள்ளி ஊரு மேல தூத்திட்டு, குதிச்சிருச்சு. அன்னைக்கு இருந்து அந்தக் கெணறு காவு கேக்க ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு ஆம்பளைகள எடுத்துக்கிருச்சு. மூணு எடுத்தாத்தான் அடங்கும்பாக, இன்னும் ஒண்ணு பாக்கி." டீ நன்றாக இருந்தது, பத்து ரூபாய். முழுசாகக் குடிக்க முடியவில்லை.

பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அம்மாவின் அக்கா. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அம்மாவை நினைத்து அழுதார். சாயந்திரம் படையல். உத்தரத்திலிருந்து ஓலைப்பெட்டியைப் பெரியம்மா மகன், என் அண்ணன், இறக்கினார். உள்ளே போன வருஷச் சேலை, கண்ணாடி வளையல், உலர்ந்த பூ. பழைய சேலையை எடுத்துப் பெரியம்மா மருமகளுக்குக் கொடுத்தார். மதினி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். புதுச்சேலைக்கு நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, மாவிளக்கும் சர்க்கரைப் பொங்கலும் வைத்துக் கும்பிட்டோம். அம்மா இல்லாமல் நான் பார்க்கும் முதல் படையல். எல்லாரும் "தாயி, கன்னி, காப்பாத்து" என்றார்கள். ஒருவர் வாயிலும் பெயர் வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி – கிணறு

காலையில் அண்ணனோடு கிணற்றைப் பார்க்கப் போனேன். பெரியம்மா தடுக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய கமலைக் கிணறு. சதுரம், பாறையில் வெட்டியது, அறுபதடி ஆழம் என்றார் அண்ணன். மாடு கமலை இழுத்த காலத்துக் கல்தூண் ஒன்று சாய்ந்து நிற்கிறது. சுவரில் செருகிய கல்படிகள் கீழே போகின்றன, நடுவில் நாலைந்து இல்லை. சுற்றுச்சுவர் கிடையாது. தரை மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. கருவேல முள்ளை வெட்டி ஓரத்தில் போட்டிருந்தார்கள். அடியில் கறுத்த தண்ணீர், மேலே ஆகாசத் தாமரை. எட்டிப் பார்த்தேன். முதுகு சிலிர்த்தது. அம்மா பின்னாலிருந்து இழுப்பது போலவே இருந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் புடலைப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். வாலிபத்தில் கிணறு தூர் வாரும் வேலை பார்த்தவராம். இரண்டு ஆண்கள் இறந்ததை அவர் நேரில் பார்த்திருக்கிறார். சின்ன அம்மாச்சி இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு நடந்தது அது. சாபம் என்று ஊர் கிணற்றைத் தொடாமல் விட்டிருந்தது. இலை தழை, செத்த ஆடு கோழி எல்லாம் உள்ளே விழுந்து மக்கிக் கிடந்தன. ஒரு கோடையில் தண்ணீருக்கு வழியில்லாமல் தூர் வார முடிவெடுத்தார்கள். முதலில் இறங்கியவர் பாதிக்குக் கீழே போனதும் சத்தமில்லாமல் சாய்ந்தார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்கினார். அவரும் சாய்ந்தார். மூன்றாவதாக இறங்கப் போனது இந்தப் பெரியவர். அவருடைய அப்பா இடுப்பில் கயிற்றைப் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டாராம்.

"விளக்கு எறக்கல தாயி. அதான் தப்பு. எங்கய்யா வேற ஊருக்குப் போயிருந்தாரு, வந்து சேர்றதுக்குள்ள எறங்கிட்டாக" என்றார். அவர்கள் வழக்கம் இது: மூடிக் கிடந்த கிணறு என்றால் முதலில் வாளியில் விளக்கை ஏற்றி மெல்ல இறக்குவார்கள். அணைந்தால் ஒருத்தரும் இறங்கக் கூடாது. வேப்பங்கொப்பும் புங்கங்கொப்பும் பெரிய கட்டாகக் கட்டி, கயிற்றில் மேலும் கீழுமாக அரை மணி நேரம் அடிப்பார்கள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். மறுபடி விளக்கு.

நான் வகுப்பில் நடத்துவது இதைத்தான். மக்கும் குப்பை கிணற்றுக் காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, காற்றோட்டமில்லாத குழியில் அடியிலேயே தேங்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். சுமார் 16-க்குக் கீழே போனால் விளக்கு அணையும். இன்னும் குறைந்து 10-க்குக் கீழே போகப் போக மனிதன் கத்தக்கூட முடியாமல் மயங்குவான். கிணறு ஒருத்தரை எடுத்ததும் அடுத்தவரை எடுப்பதற்குக் காரணம் இதுதான், காப்பாற்றப் போகிறவரும் அதே காற்றுக்குள்தான் இறங்குகிறார். விளக்கு எரிந்துவிட்டாலும் முழுசாக நம்ப முடியாது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை விளக்கு காட்டாது. அளவு கூடினால் அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்து, வாடை போய்விட்டது என்று நினைக்க வைக்கும். இன்றைக்கு வாயு அளக்கும் கருவி இருக்கிறது. அது இல்லாமல் யாரையும் இறக்கவே கூடாது. இதை அந்தப் பெரியவரிடம் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வாயுவோ பேயோ, கயித்த விடாம பிடிச்சாரு எங்கய்யா" என்றார். கண் கலங்கியிருந்தது.

உச்சி வேளையாகிவிட்டது. "கெளம்புங்க, இந்நேரம் இங்க நிக்கக் கூடாது" என்று அவரே எழுந்தார். நான் எதிர்வாதம் செய்யவில்லை. யோசித்துப் பார்த்தால், சுவரில்லாத கிணற்றுக்கு அந்தக் கதைதான் இத்தனை வருஷம் சுவராக இருந்திருக்கிறது. பிள்ளைகள் கிட்டே வருவதில்லை. இந்த மேட்டு நிலத்தில் இப்போது எங்கே பார்த்தாலும் ஆழ்துளைக் கிணறு. ஆறு அங்குலக் குழிக்குச் சாமியும் இல்லை, முனியும் இல்லை, பயமும் இல்லை. 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், மூன்று நாளுக்கு மேல் போராடியும் உயிரோடு எடுக்க முடியாமல் போனதும் அப்படி ஒரு குழியில்தான். அந்த நாட்களில் தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

மத்தியானம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். மதினி அள்ளி அள்ளி வைத்தார்.

சாயந்திரம் காற்று அடங்கியதும் பெரியம்மா திண்ணையில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் டீக்கடைக் கதையைச் சொல்லி, அது உண்மையா என்று கேட்டேன். ரொம்ப நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அவ யாரையும் நெனைக்கல. மண்ண வாரித் தூத்தல. அது பஞ்ச வருசம். பகல்ல எறைச்சுருவாக, ராத்திரி ஊறும். சாமத்துல போயி, கெணத்துக்குள்ள எறங்கிச் செரட்டையால மோந்து குடத்துல ஊத்தணும். எனக்கு ஆறு வயசு. காய்ச்சல். தண்ணி தண்ணின்னு அரற்றுனேனாம். வீட்டுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. எங்காத்தா நிறைமாசம். நான் போறேன்னு அவ விளக்க எடுத்துக்கிட்டுப் போனா. படி வழுக்கிருச்சு. ஈரக்கல்லு."

வாசலில் ஆடு ஒன்று கத்தியது. அவர் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்.

"இது எனக்கே தெரியாது. எங்காத்தா சாகப்போற அன்னைக்குத்தான் என்னக் கூப்பிட்டுச் சொன்னா. ஊரு ஆரம்பத்துலயே குதிச்சுட்டான்னு பேச ஆரம்பிச்சிருச்சு. எங்க தாத்தா மறுக்கல. மறுத்தா ஏன் ராத்திரில போனான்னு கேப்பாக, யாருக்குத் தண்ணின்னு கேப்பாக. அந்தப் பேச்சு எங்காதுல விழும், ஆறு வயசுப் பிள்ளை அதச் சுமந்துக்கிட்டே வளரும்னு வாய மூடிக்கிட்டாக. சாபம்னு ஊரு சொன்னதும் சரின்னு விட்டுட்டாக. எனக்காக அவ பேர விட்டுட்டாக."

எழுபது வருஷத்துக்கு மேல் ஊர் அந்தப் பெண்ணைத் தப்பாகப் பேசியிருக்கிறது. அந்தப் பேச்சின் நிழலில்தான் பெரியம்மா நிம்மதியாக வளர்ந்திருக்கிறார். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராத்திரி சாப்பாடு வேண்டாமென்று இருவருமே சொல்லிவிட்டோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு – ஆடிப்பெருக்கு

காவிரிக்கரை மாதிரி இங்கே ஆற்றுக்குப் போகிற கூட்டமில்லை. பெண்கள் தோட்டத்துக் கிணற்றுக்கும் பம்ப்செட் தொட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு மூன்றும் மதினி கிண்டியிருந்தார். பிள்ளை பெற்றவளும் கிணற்றடியில் பூசை செய்து தண்ணீர் சேந்தித்தான் மறுபடி வீட்டு வேலைக்குத் திரும்புவது இந்தப் பக்கத்து வழக்கம். கிணற்றைக் கும்பிடுகிற ஊர்தான், இந்த ஒரு கிணற்றை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தது.

நேற்று ராத்திரியே நானும் அண்ணனும் பேசி முடித்துவிட்டோம். மூன்றடி உயரத்துக்குச் சுற்றுச்சுவர், மேலே கம்பி வலை. அம்மா பெயரில் போட்டிருந்த பணம் அதற்குப் போதும். பெருக்கன்று தொடங்கினால் நல்லது என்று அண்ணன் கொத்தனாரைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்.

பெரியம்மாவும் வருகிறேன் என்றார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை. நான் ஒரு கை, மதினி ஒரு கை பிடித்துக்கொண்டு நடத்திக் கூட்டிப்போனோம். கருவேல முள்ளை ஒதுக்கி, கமலைத் தூண் பக்கத்தில் நின்று கிணற்றைப் பார்த்தார். அழவில்லை. கொண்டு வந்த மூன்று சோற்றிலும் ஒவ்வொரு கவளம் வாழையிலையில் வைத்து, ஒரு செம்புத் தண்ணீரை அதன் பக்கத்தில் வைத்தார். வீட்டிலிருந்து சிந்தாமல் கொண்டுவந்த தண்ணீர்.

கொத்தனார் நூல் பிடித்து அளந்துகொண்டே வந்தார். சுற்றளவு எண்பதடிக்குக் கொஞ்சம் மேல். வாசல் பக்கச் சுவரில் ஒரு கல்பலகை பதித்துவிடலாம், உபயம் என்று யார் பெயர் போடுவது என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அம்மா பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பெரியம்மா ஒரு பெயர் சொன்னார். மெல்லத்தான் சொன்னார். நானும் அண்ணனும் பிறந்ததிலிருந்து கேட்டிராத பெயர். அதை இங்கே எழுதவில்லை, அது அந்தச் சுவரில் இருக்கட்டும்.

கொத்தனாருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே, "எத்தன எழுத்துங்க ஆத்தா, பலகைக்கு அளவு எடுக்கணும்" என்றார்.

பெரியம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"நாலு எழுத்து" என்றார்.